லால்பாக் பாறையில் மூன்று பேர்

பெங்களூருக்குப் போய்விட்டு வந்தால் போதும், எங்கள் தெருவில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன புடவை வாங்கினீங்க?" என்பதுதான். நான் சிக்பேட்டையில் வாங்கி வந்தது ஒரே ஒரு மீட்டர் ரவிக்கைத் துணி. அதுவும் அரைக்கை வைத்துத் தைப்பதற்கு. "இதற்காகவா ரயில் ஏறிப் போனாய்?" என்று என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தத் துணிக்குப் பின்னால் 34 வருஷத்துக் கதை இருக்கிறது.

நான் வேலூர்க்காரி. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டி அடிக்கும். அந்த வெயிலிலும் நான் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவேன். பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள், "என்னம்மா, அந்தக் காலத்துப் பாட்டி மாதிரி?" என்று கேலி செய்வார்கள். கரும்பலகையில் எழுதும்போது கை சற்றே மேலே ஏறிவிட்டால் முன் வரிசைக் குழந்தை கேட்கும்: "டீச்சர், கொசு கடிச்சிடுச்சா?" ஆமாம் கண்ணு, கொசுதான்!

கொசு இல்லை சகோதரிகளே. என் கையை நானேதான் பிய்த்துக்கொண்டேன்.

பதினாலு வயதில் ஆரம்பித்தது. கையில் சின்னதாக ஒரு பொரி. அதைக் கிள்ளினேன். காய்ந்து பொருக்கு தட்டியதும் அதையும் எடுத்தேன். வழவழவென்று ஆகிவிட வேண்டும் என்றுதான் கை போகும், ஆனால் இன்னும் சொரசொரப்பாகத்தான் ஆகும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு குளியலறை விளக்கடியில் போய் நிற்பேன். ஐந்து நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன், வெளியே வரும்போது கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். செய்கிறபோது மனசில் ஒரு சத்தமும் இருக்காது, ஒரு மாதிரி அமைதியாக இருக்கும். முடிந்ததும் வருகிற வெட்கம் இருக்கிறதே, அது மறுநாள் சாயங்காலம் வரைக்கும் கூடவே வரும்.

"புண்ணை நோண்டாதே" என்று அம்மா சொல்லாத நாளில்லை. கையில் தட்டியிருக்கிறாள், வேப்பெண்ணெய் தடவியிருக்கிறாள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அழைத்துப் போய் உப்பும் மிளகும் போட வைத்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் தோல் டாக்டர்கள் எத்தனையோ களிம்பு கொடுத்தார்கள். புண் ஆறும், ஆறிய இடத்துக்கே கை மறுபடியும் போகும். ஒரு டாக்டர், "படிச்சவங்க நீங்க, கையை அடக்கத் தெரியலையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டேன்.

என் தங்கை பெங்களூர் வில்சன் கார்டனில் இருக்கிறாள். 2023 பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, தாழ் போடாத குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள். எதுவும் பேசவில்லை. பஞ்சு கொண்டு வந்து துடைத்துவிட்டாள். ஊருக்குப் போகிறபோது மட்டும், "லீவு விட்டதும் என்கிட்ட வந்துடுக்கா. நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதான் நிம்ஹான்ஸ் இருக்கு" என்றாள்.

நிம்ஹான்ஸ்! மனநல ஆஸ்பத்திரியல்லவா அது? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் என்ன பைத்தியமா?" என்று சண்டை போட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. ஆனால் அந்த வராந்தாவில் நடந்தேனானால் என் மாணவிகளின் அம்மாக்கள் பத்துப் பேரையாவது பார்க்க வேண்டிவரும். "டீச்சர், நீங்க இங்கே எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது? தெரியாத ஊரே தேவலை என்று கிளம்பிவிட்டேன்.

அந்த மே மாதம் காட்பாடியில் லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறினேன். ரயிலின் பெயரே எனக்குச் சகுனம் சொல்லியிருக்கிறது, அப்போது புரியவில்லை. ஜோலார்பேட்டை தாண்டியதும் ரயில் மலைச் சரிவில் ஏற ஆரம்பிக்கிறது. ஜன்னல் காற்றில் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பங்காரப்பேட்டை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெட்டியில் ஒரு பாட்டி ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரல்லவா! முழுக்கை ரவிக்கைக்கு இங்கே யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒசூர் சாலையில் இருக்கிறது நிம்ஹான்ஸ். 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும், அதற்கும் முந்தைய பழைய மைசூர் அரசின் மனநல ஆஸ்பத்திரியும் 1974-இல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. சங்கிலியும் கூச்சலுமாக இருக்கும் என்று சினிமா பார்த்துப் பயந்துகொண்டு போனவளுக்கு அங்கே கண்ணில் பட்டதெல்லாம் மரங்கள், மரங்கள், மரங்கள்தான். மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ், வங்காளி, இந்தி எல்லாம் காதில் விழுகிறது. கணவனுக்கு மனைவி சோறு ஊட்டுகிறாள். கல்லூரிப் பையன் ஒருவன் அப்பா மடியில் தலை வைத்துத் தூங்குகிறான். இதில் நான் யார், எதற்கு வந்தேன் என்று யாருக்கு அக்கறை?

புறநோயாளிகள் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்திருந்தோம். தங்கை காபி வாங்கப் போனாள். எனக்கு ஒரு பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. காலடியில் பூக்கூடை. ஒரு நாள் வியாபாரத்தைக்கூட விடமாட்டார் போலிருக்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கத்தில் முகத்தில் முகமூடி போட்ட ஓர் இளம்பெண்ணும் அவள் தாயாரும். கொரோனா அடங்கி எல்லோரும் முகமூடியைக் கழற்றிப் போட்டிருந்த நேரம். இவள் மட்டும் கழற்றவில்லை.

காத்திருக்கக் காத்திருக்க, என்னையறியாமல் ரவிக்கைக் கைக்கு மேலாகவே என் விரல்கள் வேலையை ஆரம்பித்திருக்கின்றன. திடீரென்று என் மடியில் ஒரு பிடி காக்கடா மொட்டு வந்து விழுந்தது.

"இதக் கொஞ்சம் ரெண்டு ரெண்டா எடுத்துக் குடு கண்ணு" என்றார் பூக்கார அம்மா. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் நாரை முடிந்தார். ஒரு முழம் கட்டி முடித்த பிறகுதான் என் கை பூவை விட்டு எங்கும் போகவில்லை என்பதே எனக்கு உறைத்தது. அப்புறம் அவர் தன் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். நகத்தைச் சுற்றித் தோலே இல்லை. பழைய புண், புதுப் புண் எல்லாம் ஒன்றாக இருந்தது.

"நாப்பது வருஷம் ஆச்சு. பூ கட்டுறப்ப மட்டும் சும்மா இருக்கும். நீயும்தானே?"

நீயும்தானே! இந்த ஒரு வார்த்தையை 34 வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. "ஏன்?" என்று கேட்டிருக்கிறார்கள், "ச்சீ!" என்றிருக்கிறார்கள், "பாவம்" என்றிருக்கிறார்கள். நீயும்தானே என்று கேட்டவர் இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அந்தப் பக்கத்தில் தாயார் மகளை அதட்டினார்: "கை தெகி!" கன்னடத்தில் 'கையை எடு' என்று அர்த்தம். பெண்ணின் விரல் முகமூடிக்குள்ளே இருந்தது. அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "நானூ." எங்கள் 'நானும்' தான் அவர்கள் 'நானூ'. மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

உள்ளே டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். இது சொறியும் இல்லை, சிரங்கும் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் தோலைப் பிய்த்துக்கொள்கிற கோளாறு. 1875-லேயே எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேயத் தோல் வைத்தியர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனாலும் அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது 2013-இல்தான். அதாவது 138 வருஷம் கழித்து! நூறு பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு இது இருக்கலாமாம். சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெண்கள்தான் ஜாஸ்தியாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பேர் படிக்கிறார்கள். அப்படியானால் இருபது பேர்! காலை வணக்கத்துக்கு என் எதிரே வரிசையாக நிற்கிற பெண்களில் எத்தனை பேர் என்னைப் போல் ஒளிந்துகொண்டிருக்கிறார்களோ?

வைத்தியம் என்ன தெரியுமா? முதலில் ஒரு சின்ன நோட்டு. கை எப்போது போகிறது, எங்கே போகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, பரீட்சைத் தாள் திருத்துகிறபோதும், மாமியாரிடம் போன் பேசிய பிறகும், குளியலறை விளக்கடியிலும்தான் எனக்கு ஜாஸ்தி. இரண்டாவது, கை எழும்பும்போதே இரண்டு முஷ்டியையும் இறுக மூடி ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, கைக்கு வேலையைச் சிரமமாக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுவது, குளியலறைக்கு மங்கலான பல்பு போடுவது, புண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவது எல்லாம் இதில் சேர்த்தி. தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் உண்டு, அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

இந்த முறையை 1973-இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதி வைத்தார்களாம். அதில் இன்னொரு அங்கமும் உண்டு என்றார் டாக்டரம்மா. கூட ஒரு ஆள் வேண்டும். கண்காணிக்க அல்ல, துணைக்கு.

கூட ஒரு ஆள்! நோயாளியைத் தனியாக விடக்கூடாது என்பது நம் நாட்டு மனநல வைத்தியத்துக்கும் புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற டாக்டர், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். இந்தக் கோளாறு போன்றவற்றுக்கென்றே அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் 1991-இல் ஓர் அமைப்பு தொடங்கியது. தொடங்கிய கிறிஸ்டினா பியர்சன் என்ற பெண்மணி டாக்டர் அல்ல, தன் தலைமுடியைத் தானே பிடுங்கிக்கொண்டு அவதிப்பட்டவர். முடி பிடுங்குகிறவர்களுக்காக ஆரம்பித்து, பின்னால் தோல் பிய்க்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்!

"ஞாயித்துக்கிழமை காலையில லால்பாக்குக்கு வாங்க. பூ கட்டிக்கிட்டே பேசலாம்" என்றார் பூக்கார அம்மா. போனோம்.

லால்பாக் என்றால் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிற மலர்க் கண்காட்சியும் கண்ணாடி மாளிகையும்தான் நமக்கு ஞாபகம் வரும். 1760-இல் ஹைதர் அலி ஆரம்பித்த தோட்டம், 240 ஏக்கர். கண்ணாடி மாளிகை 1889-இல் வந்தது. நாங்கள் போனது அங்கேயெல்லாம் இல்லை. வெறும் பாறைக்கு! தோட்டத்துக்குள்ளே ஒரு பெரிய பாறைக் குன்று, உச்சியில் கெம்பே கவுடா கோபுரம். பாறைக்கு வயது 300 கோடி வருஷம் என்று புவியியல்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நடக்க வந்தவர்கள், நாய் பிடித்துப் போகிறவர்கள், மூச்சுப் பயிற்சி செய்கிறவர்கள் என்று கீழே கூட்டம். மேலே நல்ல காற்று. காலை வெயில் பட்டுப் பாறை இளஞ்சூடாக இருந்தது.

பாறையைப் பார்த்ததும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அதன் உடம்பெல்லாம் சொரசொரப்பு, வடு, வெடிப்பு. மழையும் வெயிலும் பிய்த்தெடுத்திருக்கின்றன. யாரும் அதை மூடி வைக்கவில்லை. ஜனங்கள் தேடி வந்து அதன் மேல் உட்காருகிறார்கள்.

அங்கே எங்களுக்குள் நாலு சட்டம் வைத்துக்கொண்டோம். ஒன்று, யாரும் யாரையும் 'கையை எடு' என்று சொல்லக்கூடாது, சும்மா ஒரு பிடி பூவை மடியில் போட்டால் போதும். இரண்டு, யார் புண் பெரிது என்று பார்க்கக்கூடாது, ஒருவர் வடுவைப் பார்த்தால் இன்னொருவர் கை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. மூன்று, பாறையில் பேசியது பாறையோடு, அதனால்தான் இங்கே ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை. நான்கு, நாங்கள் டாக்டர்கள் அல்ல. புண் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான். மஞ்சள் பற்று போட்டுப் பார்க்கலாம் என்கிற பேச்சே கிடையாது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் பாறை உச்சியில் முகமூடியைக் கழற்றினாள். கன்னமெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. நாங்கள் எதுவும் சொல்லவில்லை. பூக்கார அம்மா மட்டும் ஒரு துண்டு கனகாம்பரத்தை அவள் சடையில் செருகினார். கீழே இறங்கி லால்பாக் சாலையிலிருக்கிற எம்.டி.ஆரில் வரிசையில் நின்று ரவா இட்லி சாப்பிட்டோம். 1924-இல் ஆரம்பித்த ஓட்டல். இரண்டாம் உலக யுத்த காலத்து அரிசிப் பஞ்சத்தில் ரவா இட்லி அங்கேதான் பிறந்தது என்பார்கள். மூன்று வருஷமாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்றாள் அந்தப் பெண். முகமூடியைக் கழற்றினால்தானே சாப்பிட முடியும்!

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். லீவு முடிந்து ஊர் திரும்பிய நான் மாதம் ஒரு ஞாயிறு போய் வந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை லால்பாக் எக்ஸ்பிரஸ், ஞாயிறு மத்தியானம் பிருந்தாவனில் திரும்புவது. நாலு மாதம் கை ஆறியே இருந்தது. அரையாண்டுப் பரீட்சைத் தாள் கட்டுக் கட்டாக வந்தது பாருங்கள், ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு அழுதுகொண்டே பூக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எவ்ளோ நேரம் கண்ணு?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

"பயந்து யாருக்காச்சும் போன் பண்ணியா, இதுக்கு முன்னாடி?"

"இல்லம்மா."

"இப்பப் பண்ணிட்டியே. மருந்து போட்டுட்டுப் படு. காலையில நானே கூப்புடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அறிவுரை இல்லை, அதட்டல் இல்லை. அவருக்கும் முந்தின வாரம் இதே மாதிரி ஆகியிருந்தது என்று பிறகுதான் சொன்னார். என் நோட்டில் அன்றைக்கு மூன்று வரி எழுதினேன். மறுநாள் வந்த வெட்கம் மத்தியானத்துக்குள்ளேயே போய்விட்டது. 34 வருஷத்தில் அது அவ்வளவு சீக்கிரம் போனது அன்றுதான்.

இப்போதும் கை போகிறது. முன்னே தினமும் போனது, இப்போது எப்போதாவது. போனாலும் சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறது. வடுக்கள் இருக்கின்றன. அவற்றோடுதான் அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், விரல் நுனியெல்லாம் ரத்தக் கோடு. இரண்டு வருஷமாக அவளைத் தெரியும். பார்த்தும் பார்க்காதவள் போல இருந்திருக்கிறேன். அவளைப் பார்த்தால் எனக்கு என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும், அந்தப் பயம்தான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைத் தனியாக நோட்டு அடுக்கக் கூப்பிட்டேன். அடுக்கிக்கொண்டிருந்தவள் என் கையையே பார்த்தாள்.

"டீச்சர்... கொசுவா?"

"இல்லம்மா. நானேதான். உன்னை மாதிரி."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நான் சும்மா நோட்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒளித்த கை வெளியே வந்து வாங்கிக்கொண்டது.

போன மாதம் அவளையும் அவள் அம்மாவையும் எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். மனநலப் பிரிவுக்குத்தான். நினைத்த மாதிரியே தெரிந்தவர்கள் பார்த்தார்கள். "டீச்சர், நீங்க இங்கே எங்கே?" என்று கேட்கவும் கேட்டார்கள்.

"காட்டிக்கத்தான் வந்தேன்" என்றேன். வானம் இடிந்து விழவில்லை.

உங்களிலும் யாராவது இதைப் படித்துக்கொண்டே ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருக்கலாம். நிம்ஹான்ஸுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் இருப்பார். வெளியே போகக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்று 2022-இல் ஆரம்பித்த அரசாங்கத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டிலே உங்கள் மகளோ மருமகளோ இப்படி இருந்தால் 'கையை எடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். கை எங்கே இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். கீரை ஆய்வதோ பூக் கட்டுவதோ, ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். பாதியை அவள் மடியில் போடுங்கள்.

பெங்களூர் பக்கம் போனால் மட்டும் ஞாயிறு காலையில் லால்பாக் பாறை ஏறிப் பாருங்கள். பூக்கூடையோடு யாராவது உட்கார்ந்திருந்தால், எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்காரலாம். இப்போது மூன்று பேர் இல்லை, ஏழு பேர் ஆகிவிட்டோம். பூதான் பற்றவில்லை!